பட்டம் வழங்காத கல்லூரி

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியானதும் நம் இளைஞர் கேட்பன இரண்டே. எந்தக் கற்கைநெறி கிடைக்கும்? அதற்கு எத்தனை இசட் புள்ளி வேண்டும்? இருநூறு ஆண்டுகளுக்கு முன் வட்டுக்கோட்டையில் ஒரு சிறு கல்லூரியின் வாயிலில் நின்ற சைவப் பிள்ளைக்கும் அனுமதி நிபந்தனைகள் இருந்தன. அவை வேறு வகையின.

1816 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழை முதலிய இடங்களில் விடுதிப் பாடசாலைகளை நிறுவினர். அவற்றிலே தேறிய பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து மேற்படிப்புக் கொடுக்க 1823 இல் வட்டுக்கோட்டையில் ஒரு கலாசாலையைத் தொடங்கினர். டானியல் பூவர் அதன் முதல் அதிபர். அவர்கள் விரும்பியது ஒரு கல்லூரி. ஆனால் அமெரிக்கர் கல்லூரி நடத்துவதற்கு ஆங்கில அரசாங்கம் இசையவில்லை. ஆகவே ‘செமினரி’ என்ற பெயரே நிலைத்தது. பட்டம் வழங்கும் உரிமை அதற்கு ஒருநாளும் கிட்டவில்லை.

பிள்ளை ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டுமென்ற விதி இல்லை. எனினும் விடுதியில் உறைந்து, வேதாகமம் கற்று, அவர்களுடைய வழிபாட்டிலும் அமர வேண்டும். கல்விக்கும் உணவுக்கும் அமெரிக்க நன்கொடையாளர் பணம் அனுப்பினர். அவர் பெயரையே பிள்ளைக்கு இடுவதும் வழக்கமாயிற்று. தொடக்க காலத்திற் பிள்ளைகள் மிஷன் வளவினுள் உண்ண மறுத்தமையால், பக்கத்திலிருந்த சைவர் ஒருவரின் காணியிற் சமையல் நடந்ததுண்டு. பெற்றோரின் மனத்தில் இருந்த போராட்டம் அந்த அடுப்பிலேயே தெரிகின்றது. பணமாகக் கொடுக்க வேண்டியது ஒன்றுமில்லை. ஆயினும் விலை சிறிதன்று.

ஆங்கிலம், தமிழ், வடமொழி, கணிதம், வானசாஸ்திரம், தருக்கம், தத்துவம் ஆகியன அங்கே கற்பிக்கப்பட்டன. இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் தெனன்ற், 1850 இல் வெளியிட்ட நூலில், இக்கலாசாலையின் தரத்தை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்பிட்டெழுதினார். பட்டமில்லாத இடத்துக்கு இவ்வளவு புகழ்! நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியதன் பொருள் இப்பின்னணியிலேதான் விளங்கும். கல்வி வேண்டும், ஆனால் இந்த விலைக்கு வேண்டாம் என்பதே அதன் கருத்து.

செமினரிக்கு முடிவு வெளியிலிருந்தே வந்தது. அமெரிக்கச் சங்கத்தின் செயலாளர் றூபஸ் அண்டேர்சன், ஆங்கிலம் கற்றவர்கள் உத்தியோகம் தேடிப் போகிறார்களேயன்றி மதத்தொண்டுக்கு வருகிறார்களில்லை என்று கருதினார். 1855 இல் அது மூடப்பட்டது. மதம் மாற்ற எழுந்த கல்லூரி, அதிகம் கற்பித்துவிட்ட குற்றத்துக்காக மூடப்பட்டது எனின் மிகையன்று.

1857 இற் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அதன் முதற் பட்டதாரிகள் இருவரும் வட்டுக்கோட்டையிற் கற்றவர்களே. ஒருவர் கறோல் விசுவநாதபிள்ளை. தமிழிற் பீசகணிதம் எழுதியவர். மற்றவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. அழிந்துபோகவிருந்த ஏடுகளைத் தேடி, 1887 இற் கலித்தொகையை அச்சேற்றிய பெருமகன் அவர். சைவத்தின் பெருமையை நாட்டச் சைவ மகத்துவம் இயற்றியவரும் அவரே. வட்டுக்கோட்டை கொடாத பட்டத்தைக் கடல்கடந்து சென்று பெற்றார். வட்டுக்கோட்டை வேண்டிய மதத்தை விட்டுத் தம் மதத்துக்காக எழுதினார்.

1872 இல் அதே இடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. சைவர்களுடைய முயற்சியால் 1890 இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி உருவாயிற்று. திருநீறணிந்து ஆங்கிலம் கற்க ஒரு வாயில் திறந்தது. ஆனாற் பட்டம் மட்டும் கல்கத்தாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோதான் வரவேண்டியிருந்தது. கொழும்பிற் பல்கலைக்கழகக் கல்லூரி திறந்த 1921 ஆம் ஆண்டிலேயே, சேர் பொன்னம்பலம் இராமநாதன் திருநெல்வேலியிற் பரமேஸ்வராக் கல்லூரியை நிறுவினார். இலங்கைப் பல்கலைக்கழகம் 1942 இலேதான் அமைந்தது.

1974 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் அந்தப் பரமேஸ்வராக் கல்லூரியின் கட்டடங்களிலேயே தொடங்கியது. கலாநிதி க. கைலாசபதி அதன் முதல் தலைவர். விஞ்ஞான வகுப்புகளுக்கு வேறிடம் தேவைப்பட்டது. அதற்காக எடுக்கப்பட்டது வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டப்படிப்புப் பிரிவு.