நடுச்சுவர் நின்ற கோவில்

பிழைப்பின் பொருட்டுத் தமிழகத்தின் எல்லையைக் கடந்து செல்வோர் முதலில் தேடுவது தங்குவதற்கு ஒரு வீடு. அடுத்துத் தேடுவது தம்மவரோடு கூடுவதற்கு ஓர் இடம். சென்னையிலிருந்து கூடூருக்குச் செல்லும் இருப்புப்பாதையில் உள்ள நாயுடுபேட்டை போன்ற ஊர்களில் வாழும் கத்தோலிக்கத் தமிழர்க்கு, ஞாயிற்றுக்கிழமைப் பூசை அத்தகைய இடத்தை அளிக்கக்கூடும். புதிதாய்க் கூடும் சபையில் யார் முன்னே, யார் பின்னே என்னும் முறை இனிமேல்தான் அமைய வேண்டும். தாயகத்துப் பழைய பங்குகளிலோ அம்முறை பல தலைமுறைகளுக்கு முன்பே வேரூன்றிவிட்டது. அது எவ்வாறு கல்லாய் இறுகியது, எவ்வாறு இடிபட்டது என்பதை வடக்கன்குளத்தின் வரலாறு நமக்குக் காட்டுகிறது.

வடக்கன்குளம் திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில், பனைமரங்கள் சூழ்ந்த வறண்ட நிலத்தில் அமைந்த ஊர். இயேசு சபைக் குருமாரின் பழைய பணித்தளங்களுள் அதுவும் ஒன்று. திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்த நீலகண்டர், 1745 மே 14 அன்று, இவ்வூரிலேதான் புத்தாரி சுவாமியாரிடம் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்கு அருகில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

கிராமத்தில் பங்கு என்பது பூசை கேட்கும் இடம் மட்டுமன்று. பிள்ளை பிறந்தால் பெயர் ஏறுவது கோவில் ஏட்டில். மணம் நிகழ்வது கோவில் பீடத்தின் முன். இறந்தபின் உடல் அடங்குவது கோவில் கல்லறைத் தோட்டத்தில். உபதேசியார் வேலை யாருக்கு, பாடற்குழுவில் யார் பாடுவது, திருநாளில் சப்பரம் எத்தெரு வழியே செல்வது என்பன யாவும் ஊரில் ஒரு குடும்பத்தின் மதிப்பை அளக்கும் கோல்களாக இருந்தன. ஆகவே கோவிலில் உட்காரும் இடம் பற்றிய சச்சரவு பாயும் பலகையும் பற்றியதன்று; மானம் பற்றியது.

வடக்கன்குளத்தில் வேளாளரும் நாடாரும் ஒரே பங்கைச் சேர்ந்தவர்கள். கோவிற்பணிகளில் வேளாளர் நெடுங்காலம் முதன்மை பெற்றிருந்தனர். 19ஆம் நூற்றாண்டில் நாடார் சமூகம் வாணிகத்தாலும் கல்வியாலும் முன்னேறத் தொடங்கியபோது, பழைய ஏற்பாட்டை அவர்கள் ஏற்க மறுத்தனர். அக்காலத்தில் அங்கே பணிபுரிந்த குரு, பூசலைத் தீர்க்க ஒரு வழி கண்டார். 1870களில் எழுந்த புதிய கோவிலுக்கு இரண்டு நீண்ட கூடங்கள் அமைந்தன, இரண்டும் ஒரே பீடத்தை நோக்கி வந்து கூடின, இடையே சுவர். ஒரு பக்கம் வேளாளர், மறுபக்கம் நாடார். இருவரும் ஒரே பூசையைக் கண்டனர், ஒருவரையொருவர் காணவில்லை. அக்கட்டடத்தின் வடிவைக் கண்டோர் அதைக் காற்சட்டைக் கோவில் என்றே அழைத்தனர்.

குருவின் நோக்கம் அமைதி என்பதை நாம் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அதுவரை வழக்கமாக இருந்த பிரிவினை, அன்றுமுதல் கல்லும் சுண்ணாம்புமாயிற்று. வழக்கத்தை ஒரு தலைமுறை மறக்கலாம். சுவரோ ஒவ்வொரு குழந்தைக்கும் தன் இடத்தை நாள்தோறும் கற்பித்தது.

1910இல், மேற்றிராணியாரின் ஆட்சியில், அச்சுவர் இடிக்கப்பட்டது. வேளாளர் சிலர் தங்களுக்குத் தனியிடமும் தனியுரிமையும் உண்டெனக் கோரி நீதிமன்றம் சென்றனர். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை வந்தது. அங்கும் அவர்களுக்குச் சாதகமான தீர்ப்புக் கிடைக்கவில்லை. கோவிலுக்குள் சாதியின் பெயரால் தனியிடம் கோரும் உரிமை சட்டத்தின் முன் நிலைக்கவில்லை. பின்னர் 1923இல் தூத்துக்குடி மறைமாவட்டம் தனியே அமைந்தபோது, வடக்கன்குளம் அதைச் சேர்ந்தது.

சுவர் விழுந்ததோடு கதை முடிந்துவிட்டதா? முடியவில்லை என்றே வரலாறு சொல்கிறது. உளுந்தூர்ப்பேட்டைப் பகுதியைச் சேர்ந்த எறையூரில், தலித் கத்தோலிக்கர் தமக்குத் தனிப் பங்கு கேட்டதையொட்டி எழுந்த கலவரத்தில், 2008 மார்ச்சில் போலீசார் சுட்டு இருவர் மாண்டனர். சமமாக நடத்தப்படாத மக்கள் தனிப் பங்கு கேட்பதையும், தம்மை உயர்ந்தவராகக் கருதியோர் தனிக் கூடம் கேட்டதையும் நாம் ஒரே தராசில் நிறுத்தலாகாது. முன்னது காயத்தின் குரல். பின்னது காயத்தின் காரணம்.

2022 மே 15 அன்று உரோமையில் தேவசகாயம் புனிதராக அறிவிக்கப்பட்டபோது, அவர் பெயரோடு சாதிப்பட்டம் சேர்க்கப்படவில்லை. அவர் ஞானஸ்நானம் பெற்ற ஊரிலேயே, ஏறத்தாழ நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் நடுச்சுவர் எழுந்தது என்பதை எண்ணும்போது, பெயரிலிருந்து ஒரு சொல்லை நீக்குவதற்கே எவ்வளவு காலம் பிடித்தது என்பது விளங்கும்.

அயல் மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இவ்வரலாறு வெறும் பழங்கதையன்று. கோவிலாயினும் தமிழ்ச் சங்கமாயினும், புதிய ஊரில் புதிய சபை கூடும்போது, பழைய ஊரின் முறைகளுள் எவற்றைக் கொண்டுவருவது, எவற்றை விட்டுவிடுவது என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பு அங்குள்ளோர்க்குக் கிடைக்கிறது. வடக்கன்குளத்தார்க்கு அவ்வாய்ப்புக் கிடைக்கவில்லை. சுவரை எழுப்பவும் இடிக்கவும், வழக்காடித் தோற்கவும் அவர்களுக்கு இரு தலைமுறைகள் வேண்டியிருந்தன. திருநாட்பணி பகிரும்போதும், துக்க வீட்டுக்குச் செல்லும்போதும், பந்தியில் அமரும்போதும் எவரையும் பிரித்து வைக்காத சபைக்கு இடிக்க வேண்டிய சுவர் இராது.