ராக்ஸ்மித்

உண்மையான கிட்டாரை வாசிக்கக் கற்றுத்தரும் வீடியோ கேம். யூபிசாஃப்ட் நிறுவனம் 2011-இல் வெளியிட்டது. 2005-இல் வந்த கிட்டார் ஹீரோ என்ற கேமில் ஐந்து வண்ணப் பொத்தான்கள் கொண்ட பிளாஸ்டிக் கருவிதான். அதில் தேறியவருக்கும் தந்தி பழகியிருக்காது. ராக்ஸ்மித்தில் மின் கிட்டாரையே யுஎஸ்பி கேபிள் வழியாகக் கணினியிலோ கேம் கன்சோலிலோ இணைக்கிறார்கள். எழும் ஒலியின் சுருதியைக் கண்டறிந்து, வாசித்தது சரியா என மென்பொருள் காட்டும். இதன் உயிர்நாடி, தானே கூடிக் குறையும் கடினம்: முதலில் பாடலின் சில சுரங்கள் மட்டுமே திரையில் வரும்; கை தேறத் தேற மற்றவை சேரும், தடுமாறினால் குறையும். சிக்கலான பகுதியை மெதுவாக்கித் திரும்பத் திரும்பப் பழக ‘ரிஃப் ரிப்பீட்டர்’ உண்டு. ஆனால் மணிக்கட்டு வளைந்திருப்பதையோ விரல் இறுகியிருப்பதையோ மென்பொருள் அறியாது; அங்கே ஆசிரியரின் கண்ணே வேண்டும். சந்தா முறையிலான ராக்ஸ்மித் பிளஸ் 2022-இல் வெளியானது.