பொன்னம்பலத்தைக் கும்பிட்ட போசளப் படை: அயலார் ஏற்கும் சின்னம் குறித்து ஒரு மறுவாசிப்பு

2021 ஐபிஎல் தொடரில் சென்னை சூப்பர் கிங்ஸ் சட்டையின் தோளில், இந்தியப் படையினருக்கு மரியாதையாக, ராணுவ உடையின் வண்ணக்கோலம் இடம்பெற்றது. டு பிளெஸ்ஸி, பிராவோ, சாம் கரன் ஆகிய அயல்நாட்டாரும் அதையே அணிந்து ஆடினர். மாறாக, வட அயர்லாந்தின் டெர்ரி நகரில் பிறந்த கால்பந்து வீரர் ஜேம்ஸ் மெக்லீன், 1972இல் பிரிட்டிஷ் ராணுவம் தம் ஊராரைச் சுட்டுக் கொன்றதைக் காட்டி, இங்கிலாந்துக் களத்தில், போரில் மாண்ட பிரிட்டிஷ் படையினரின் நினைவாகச் சூடும் பாப்பி மலரை அணிய மறுத்துவிட்டார். போர் நினைவில் அயலாரின் கடமை எதுவரை என்ற கேள்விக்குக் கடலூரை அடுத்த திருவந்திபுரம் தேவநாயகப் பெருமாள் கோயிலில் பழைய சான்று ஒன்று உண்டு.

மூன்றாம் இராசராசனின் 15ஆவதின் எதிராமாண்டில் (1231–32) பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டு, காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் சேந்தமங்கலத்தில் சிறைவைத்த சோழனைப் போசள (ஹொய்சள) தண்டநாயக்கர்கள் அப்பண்ணனும் சமுத்திர கோபயனும் மீட்ட கதையைச் சொல்கிறது. நீலகண்ட சாஸ்திரி தம் சோழர் வரலாற்றில் இதைப் படையெடுப்பின் நிரலாகவே எடுத்தாள்கிறார். அரசியல் வரலாற்றுக்கு அது போதும். ஆனால் அந்த வாசிப்பில், படையினர் தில்லைப் (சிதம்பரம்) பொன்னம்பலத் தேவனைக் கும்பிட்ட செய்தி வழிநடையில் நேர்ந்த ஒரு தங்கலாகச் சுருங்கிவிடுகிறது. இதை ஏற்பதற்கில்லை.

கல்வெட்டின் வரிசையைப் பாருங்கள். எள்ளேரி, கல்லியூர்மூலை, தொழுதகையூர் அழிகின்றன. ஈழத்துப் பராக்கிரமபாகு உள்ளிட்ட முதலிகள் கொல்லப்படுகிறார்கள்; குதிரைகள் கைப்பற்றப்படுகின்றன. அடுத்தது தில்லை வழிபாடு. அதன்பின் திருப்பாதிரிப்புலியூரில் பாளையம். திருவதிகை, திருவக்கரை அழிவு. ஊர்களைச் சுட்டது, பெண்களைப் பிடித்தது, கொள்ளையிட்டது. இறுதியில் கோப்பெருஞ்சிங்கன் பணிய, சோழன் நாடு திரும்புகிறான். முடிவில் வாசகம் ‘நாம்’ என்று பேசுவதால், இது தளபதிகள் தாமே தந்த கூற்றாகலாம்.

பொறித்த இடமோ பெருமாள் கோயில். அங்கே சிவனின் அம்பலத்தைக் குறிக்கக் கோயில் சார்ந்த தேவை ஏதும் இல்லை. முதற் பராந்தகன் பொன் வேய்ந்த அம்பலம் சோழ அரசின் சின்னம்; அதைக் கும்பிட்டோம் என்பது, சோழநாட்டாருக்கு அயற்படை செய்த அறிவிப்பு என்றே கொள்கிறேன். எதிர்த்தரப்பும் அதே சின்னத்தைத்தான் பற்றி நின்றது: தில்லைத் தெற்குக் கோபுரம் காடவர் பெயரோடு இணைந்தது. அத்திருப்பணி கோப்பெருஞ்சிங்கன் என்றே பெயர்கொண்ட இருவரில் தந்தையதா மகனதா என்பதில் ஆய்வாளர்கள் ஒன்றுபடவில்லை. கோப்பெருஞ்சிங்கன் சோழனை வென்ற தெள்ளாற்றுப் போரும் சேந்தமங்கலச் சிறையும் ஒரே நிகழ்ச்சியா என்ற வழக்கும் தீரவில்லை. தண்டநாயக்கர்களின் மெய்யான பக்தியையும் மறுத்துவிட முடியாது. ஒரே கல்வெட்டை வைத்து அவர்கள் மனத்தை அளக்க இயலாது.

ஆயினும் ஒன்று உறுதி. அம்பலத்தைக் கும்பிட்ட படையே திருவதிகை முதலிய ஊர்களைச் சூறையாடியது. கும்பிடு அந்தக் குடிகளைக் காக்கவில்லை. எனவே சின்னத்தை ஏற்றவரை நண்பர் என்றும், மறுத்தவரைப் பகைவர் என்றும் பிரிப்பது பிழை. விருப்பத்தோடு அணிபவர் அணியட்டும். மெக்லீனைப் போல் தம் ஊராரின் சாவை நினைத்து மறுப்பவரை அணியச் சொல்லும் உரிமை எந்த நாட்டுக்கும் இல்லை. கட்டாயத்தால் பெறும் மரியாதை மாண்ட வீரருக்கும் பெருமை சேர்க்காது.