குளிர்காப்புச் சட்டகம்

குளிர்காப்புச் சட்டகம் என்பது இளம் நாற்றுகளைக் குளிரிலிருந்தும் உறைபனியிலிருந்தும் காப்பதற்காகத் தரைமீது வைக்கப்படும், அடிப்பலகை இல்லாத, ஒளிபுகும் மூடி கொண்ட தாழ்வான பெட்டி ஆகும். குளிர் மிகுந்த நாடுகளில் காய்கறித் தோட்டம் தொடங்குவோர் முதலில் செய்துகொள்ளும் பொருள்களுள் இதுவும் ஒன்று. அந்நாடுகளில் எழுதப்பட்ட தோட்டக்கலை நூல்கள் வழியே இதனை அறியும் தமிழகத் தோட்டக்காரர்களுக்கும் இது தேவையா என்ற கேள்வி எழுவதுண்டு. சென்னைக்குத் தெற்கே, செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள கேளம்பாக்கம் போன்ற கடலோர ஊர்களில் இது தேவையில்லை. வெயிலில் மூடி வைத்தால் நாற்றுகளைக் கொல்லவும் கூடும். அங்கு இதன் இடத்தை நிழல்வலையும் மழை மறைப்பும் பெறுகின்றன.

அமைப்பும் இயங்கும் முறையும்

பெட்டியின் நான்கு பக்கங்களும் மரம், செங்கல் அல்லது வைக்கோல் கட்டுகளால் ஆனவை. பின்பக்கம் உயரமாகவும் முன்பக்கம் தாழ்வாகவும் இருப்பதால், மேலே உள்ள கண்ணாடி அல்லது நெகிழித் தாள் சாய்ந்து நிற்கும். வட அரைக்கோளத்தில் இச்சாய்வு தெற்கு நோக்கி அமையும். சூரிய ஒளி உட்புகுந்து மண்ணைச் சூடாக்குகிறது. சூடான காற்று மேலெழுந்து வெளியேற முடியாமல் தங்குவதால் உள்ளே வெப்பநிலை உயர்கிறது. கண்ணாடி, மண் உமிழும் அகச்சிவப்புக் கதிர்களையும் தடுக்கிறது. பாலித்தீன் தாள் அவற்றைப் பெரும்பாலும் வெளியே விட்டுவிடும். ஆகவே மேகமற்ற இரவுகளில் பாலித்தீன் மூடிய பெட்டி கண்ணாடிப் பெட்டி அளவுக்குக் காப்பதில்லை.

இதன் ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'குளிர்ச் சட்டகம்' என்றாகி, குளிரூட்டும் கருவி என்ற பொருள் தந்துவிடும். அப்பெயரில் உள்ள குளிர், செயற்கை வெப்பம் ஊட்டப்படாதது என்பதையே குறிக்கிறது. அடியில் புதிய குதிரைச் சாணத்தை நிரப்பி, அது மக்கும்போது எழும் வெப்பத்தால் சூடேற்றப்படும் பாத்தி 'வெப்பப் பாத்தி' எனப்பட்டது. அதிலிருந்து வேறுபடுத்தவே இப்பெயர் வந்தது.

வரலாறு

உரோமப் பேரரசர் திபேரியசுக்கு ஆண்டு முழுவதும் வெள்ளரி கிடைப்பதற்காக, சக்கரம் பூட்டிய பாத்திகளில் கொடிகளை வளர்த்து, ஒளிபுகும் கனிமத் தகடுகளால் மூடிவைத்ததை பிளினி குறிப்பிடுகிறார். இலண்டனைச் சேர்ந்த நத்தானியேல் வார்டு 19ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய மூடிய கண்ணாடிப் பெட்டியும் இதன் உறவினம் எனலாம். கடல் கடந்து செடிகளைக் கொண்டுசெல்ல அது பயன்பட்டது. கிளமெண்ட்ஸ் மார்க்கம் தென் அமெரிக்காவில் திரட்டிய சிங்கோனா நாற்றுகள் 1860இல் இத்தகைய பெட்டிகளில் நீலகிரிக்கு அனுப்பப்பட்டன. செங்கடல் வழியில் கடும் வெப்பத்தில் நலிவுற்ற அந்நாற்றுகள் உதகை சேர்ந்தபின் மடிந்தன. கண்ணாடிப் பெட்டிக்குள் வெப்பம் மிகுவதால் வரும் கேடு, இவ்வாறு தமிழக வேளாண் வரலாற்றின் ஒரு பகுதியாகவும் ஆகிவிட்டது.

கேளம்பாக்கத்தின் தட்பவெப்பம்

இவ்வூருக்கெனத் தனியே நீண்டகாலப் பதிவுகளைத் தேடுவதைவிட, அருகிலுள்ள சென்னையின் பதிவுகளைக் கொள்வது எளிது. சென்னை நுங்கம்பாக்கத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 பாகை செல்சியசு ஆகும். இது 1895 திசம்பரிலும் 1905 சனவரியிலும் பதிவானது. அதாவது, ஒரு நூற்றாண்டுக்கும் மேலான பதிவில் மிகக் குளிர்ந்த இரவுகூட உறைநிலைக்கு வெகு மேலே இருந்திருக்கிறது. மறுபுறம், 2003 மே 31 அன்று வெப்பம் 45 பாகையைத் தொட்டது. தக்காளி, கத்தரி, மிளகாய் விதைகள் நன்கு முளைக்க 25 முதல் 30 பாகை வரை போதும். மார்கழி மாதத்துப் பகல் வெப்பமே ஏறத்தாழ இவ்வளவு இருக்கும்.

குளிர் நாட்டு நூல்கள் 'கடைசி உறைபனி நாள்' என்ற ஒன்றை மையமாகக் கொண்டு விதைப்பு நாளைக் கணக்கிடுகின்றன. அந்நாளுக்கு ஆறு முதல் எட்டு வாரங்கள் முன்பே தக்காளியை மூடிய இடத்தில் விதைத்தால்தான் குறுகிய கோடைக்குள் காய் பறிக்க இயலும். சட்டகத்தின் பயன் முழுவதும் இக்கணக்கில் அடங்கியுள்ளது. கேளம்பாக்கத்தில் கடைசி உறைபனி நாள் என ஒன்று இல்லாததால் கணக்கே தொடங்குவதில்லை.

இங்கு நாற்றங்கால் பருவங்கள் இரண்டு. ஆடிப்பட்டத்தில் நடுவதற்குரிய நாற்றுகள் சூன் மாதத்தில் விதைக்கப்படுகின்றன. கத்திரி வெயில் முடிந்திருந்தாலும் அப்போது வெப்பம் தணிந்திருக்காது. தைப்பட்டத்திற்கான நாற்றுகள் திசம்பரில், வடகிழக்குப் பருவமழையின்போது வளர்கின்றன. முன்னதில் எதிரி வெயில். பின்னதில் எதிரி மழை. குளிர் இவ்விரண்டிலும் இல்லை.

சூரியனின் திசையும் வேறுபடுகிறது. இலண்டனில் திசம்பர் இறுதியில் நண்பகற் சூரியன் அடிவானிலிருந்து 15 பாகை உயரத்தையே எட்டுகிறது. அந்தச் சாய்ந்த ஒளியைப் பிடிக்கவே மூடி சாய்க்கப்படுகிறது. கேளம்பாக்கத்தில் அதே நாளில் உயரம் சுமார் 54 பாகை. ஏப்ரல் இறுதியிலும் ஆகத்து நடுவிலும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட நாள்களில் நண்பகல் ஒளி வடக்கிலிருந்து விழுகிறது. 'தெற்கு நோக்கி வைக்கவும்' என்ற அறிவுரைக்கு இங்கு அவ்வளவாகப் பொருள் இல்லை.

மூடிய பெட்டியின் விளைவு

வெயிலில் நிறுத்திய மகிழுந்தில் ஏறியவர்கள் இதனை எளிதில் உணர்வர். ஒளிபுகும் மூடியுடன் வெயிலில் வைத்த பெட்டியின் உட்புறம் நாற்று தாங்கும் அளவை விரைவில் கடந்துவிடும். மூடியைத் திறந்துவைக்கலாமே என்றால், காலையில் பணிக்குச் சென்று இரவில் திரும்புபவர் அதனைக் கவனிக்க வழியில்லை. எப்போதும் திறந்தே இருக்க வேண்டிய பெட்டி எதற்கு என்ற கேள்வியும் எழுகிறது.

இதே விளைவை வேண்டுமென்றே பயன்படுத்தும் முறையும் உண்டு. ஈரமான மண்ணின் மீது ஒளிபுகும் பாலித்தீன் தாளைப் படியவிரித்து, ஓரங்களை மண்ணால் மூடி, கோடையில் நான்கு முதல் ஆறு வாரங்கள் விட்டுவைத்தால், மேல்மண்ணில் உள்ள நோய்ப் பூஞ்சைகளும் நூற்புழுக்களும் களை விதைகளும் பெருமளவு அழிகின்றன. 1970களில் இசுரேலிய ஆய்வாளர்கள் இம்முறையை விரிவாக ஆராய்ந்தனர். குளிர் நாட்டில் விதையை வாழவைக்கும் அமைப்பு, சித்திரை மாதக் கேளம்பாக்கத்தில் விதையைக் கொல்லும் அமைப்பாகிறது. பழைய தொட்டி மண்ணைத் தூய்மையாக்க விரும்புவோர்க்கு இது நல்ல செய்தியே.

நிழல்வலை

குழித்தட்டுகளில் மட்கிய தென்னை நார்க்கழிவை நிரப்பி, குழிக்கு ஒரு விதை இட்டு நாற்று வளர்ப்பது இப்போது பரவலான முறை. விதைத்த தட்டுகளை அடுக்கி, முளைவிடும் வரை சில நாள்கள் நெகிழித் தாளால் மூடுவர். இம்மூடல் நிழலில் செய்யப்படுவதால், ஈரம் காக்கப்படுகிறது, வெப்பம் மிகுவதில்லை. முளைத்ததும் தட்டுகள் நிழல்வலையின் கீழ் பரப்பப்படுகின்றன. சூன் மாத நாற்றுகளுக்கு ஒளியைப் பாதியாகக் குறைக்கும் 50 விழுக்காட்டு வலை பொருந்தும்.

வலை காற்றின் வெப்பநிலையை அதிகம் குறைப்பதில்லை. நேர்க்கதிரைக் குறைப்பதால் இலையும் மண்ணும் சூடேறுவதே குறைகிறது. எனவே வலையைத் தலைக்கு மேல் உயரத்தில் கட்டிப் பக்கங்களைத் திறந்துவிடுதல் நன்று. வலை நிலையாகக் கட்டப்பட்டதாகவும் இருக்கக்கூடாது. காய்க்கும் செடிகளுக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். ஆண்டு முழுவதும் வலைக்கடியில் இருக்கும் தக்காளி உயரமாக வளரும். காய் குறைவாகவே தரும். வலை வாங்க இயலாதோர்க்கு, நாற்றங்கால் மீது தென்னங்கீற்று வேயும் பழைய வழக்கம் போதுமானது.

நாற்றுகளைக் கடினப்படுத்துதல் என்ற படி இரு நிலங்களுக்கும் பொது. குளிர் நாட்டில் சட்டகத்தின் மூடியை நாள்தோறும் சற்று அதிகமாகத் திறந்து நாற்றைக் குளிருக்குப் பழக்குவர். இங்கு ஒரு வார காலம் நீரைச் சற்றுக் குறைத்து, வலையிலிருந்து முதலில் காலை வெயிலுக்கும், பிறகு முழு வெயிலுக்கும் நாற்றை நகர்த்துவர். ஏறத்தாழ 25 நாள் தக்காளி நாற்றும், 35 முதல் 40 நாள் மிளகாய் நாற்றும் நடவுக்கு ஏற்றவை. வெண்டை, அவரை, கொத்தவரை, புடலை, கீரை ஆகியவற்றுக்கு நாற்றங்காலே வேண்டாம்; நேரடியாக விதைக்கலாம். முதன்முதலாகத் தொடங்குபவருக்கு இவையே எளியவை.

மழைக்கால மறைப்பு

2015 திசம்பர் 1-2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது. அத்தகைய மழை அரிதென்றாலும், சாதாரண ஐப்பசி மழையே விதைகளை அடித்துச் செல்லவும் நாற்றழுகல் நோயைப் பரப்பவும் போதும். நாற்றங்கால் மீது ஒளிபுகும் நெகிழித் தாளைக் கூரையாக மட்டும் கட்டுவது பயன் தரும். சட்டகத்தின் மூடியை வைத்துக்கொண்டு பக்கங்களை நீக்கிவிடுவதற்கு இது ஒப்பாகும். புயல் எச்சரிக்கை வந்தால் தாளை அவிழ்த்துவிட வேண்டும். குழித்தட்டுகளை வீட்டுக்குள் எடுத்துச் செல்வது எளிது. 2016 திசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது பெருமரங்களே சாய்ந்தன. விதைகளை ஒரு கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற அளவில் நேர்த்தி செய்வது நாற்றழுகலைக் குறைக்கும்.

நீர்

கோவளம் உப்பங்கழியும் உப்பளங்களும் அமைந்த கேளம்பாக்கத்தில், தொடக்க நிலைத் தோட்டக்காரரின் பணம் சட்டகத்தைவிட நீருக்குச் செலவாவதே தகும். கழியை ஒட்டிய பகுதிகளின் ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பாக இருக்கலாம். நாற்றுப் பருவமே உவர்ப்பை மிகக் குறைவாகத் தாங்கும் பருவம். பீன்ஸ் போன்றவை வளர்ந்தபின்னும் தாங்குவதில்லை. இலை ஓரங்கள் கருகுவதை வெயிலின் விளைவெனக் கருதி மேலும் அதே நீரை ஊற்றுவோர் பலர். மழைநீரைச் சேமித்து நாற்றுகளுக்கென ஒதுக்குவது நல்ல தீர்வு. கழுவப்படாத தென்னை நார்க்கழிவிலும் உப்பு இருக்கும் என்பதால், அதனை நன்னீரில் ஊறவைத்துப் பிழிந்தபின் பயன்படுத்த வேண்டும்.

உறைபனி உள்ள இடங்கள்

தமிழகத்தில் இக்கருவிக்கு இடம் தரும் நிலம் நீலகிரி, கொடைக்கானல் போன்ற உயர்ந்த மலைப்பகுதிகளே. உதகை அரசுத் தாவரவியல் பூங்காவும், 1847இல் ஐரோப்பியக் குடியினர் மாதம் மூன்று ரூபாய் சந்தா செலுத்திக் காய்கறி பயிரிட்ட தோட்டமாகவே தொடங்கியது. அப்பூங்காவில் குளிர்காலத்தில் மலர்ச் செடிகள் மீது கோத்தகிரி மிலார் என்னும் செடியின் கிளைகளைப் பரப்பி உறைபனி படியாமல் காப்பர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள லே நகரில், பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வகம் மண்ணில் அகழி வெட்டி, நெகிழித் தாளால் மூடி, குளிர்காலத்திலும் கீரை வளர்க்கும் முறையைப் பரப்பியுள்ளது. பகலில் வெயில் பெற்ற தாளின் மீது இரவில் கூடுதல் போர்வை இடப்படுகிறது.