நிழல் வளவுப் புற்கள்: அம்பாறைக் கரையோரம்

இலங்கையின் அம்பாறை மாவட்டக் கரையோர ஊர்களில் மர நிழலிலும் மதிலோரத்திலும் அழகுக்காக வளர்க்கத்தக்க புற்களையும், புல்லை ஒத்த நீள இலைச் செடிகளையும் பற்றியது இக்கட்டுரை. மருதமுனை, நற்பிட்டிமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களின் மணல் நிலத்துக்கு இது பொருந்தும். வயல் மண்ணை ஒட்டிய சம்மாந்துறைக்குச் சிறு மாற்றங்களுடன் பொருந்தும்.

சூழல்

இப்பகுதி உலர் வலயத்தைச் சேர்ந்தது. மழையின் பெரும்பகுதி வடகீழ்ப் பருவக்காற்றுடன் ஒக்டோபர் பிற்பகுதி முதல் ஜனவரி வரை கொட்டித் தீர்க்கும். மே முதல் ஓகஸ்ட் வரை, மலைநாட்டைக் கடந்து ஈரம் இழந்து வரும் கச்சான் காற்று அனலாய் வீசும். கரையோர மண் பெரும்பாலும் மணல். நீரும் பசளையும் அதில் தங்குவதில்லை. கிணறுகளுக்கு நீர் தருவது மணலுக்கடியில் உவர்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடல் புகுந்த கிணறுகளில் உவர்ப்பு உடனே நீங்கவில்லை.

வீடுகள் நெருங்கியிருப்பதால் வளவுகள் சிறியவை. முற்றத்தில் வெண்மணல் பரப்பி, ஈர்க்குமாறால் பெருக்கி வைப்பதே பழைய வழக்கம். அங்கே புல் என்றால் களை. அண்மைக் காலத்தில் மணலின் இடத்தை இன்டர்லொக் கற்கள் பிடித்து வருகின்றன. கற்கள் வெப்பத்தைத் தேக்குகின்றன, மழைநீர் மண்ணில் இறங்குவதையும் குறைக்கின்றன. மரத்தடியில் மட்டுமேனும் கல் பதிக்காமல் விட்டால் அவ்விடம் நிழற்செடிகளுக்கு உதவும்.

புல்லும் ஒளியும்

அழகுப் புற்கள் என உலகெங்கும் விற்கப்படும் மிஸ்கந்தஸ், பெனிசெட்டம் போன்றவை திறந்த வெளிப் புற்கள். இவை காபனீரொட்சைட்டைச் செறிவாக்கி ஒளித்தொகுப்பு நடத்தும் சி4 வகையைச் சேர்ந்தவை. இம்முறைக்கு மேலதிக சக்தி வேண்டும். வெயிலில் அது ஆதாயம். ஒளி குன்றிய இடத்தில் சுமை. அறுகம்புல் மர நிழலில் மெலிந்து மறைவதற்கும் வெட்டிவேர் நிழலில் செழிக்காததற்கும் இது முக்கிய காரணம். காட்டுத் தரைப் புற்களும் மூங்கில்களும் பெரும்பாலும் சி3 வகை; குறைந்த ஒளியிலும் அவை சமாளிக்கும். குளிர்நாட்டு நிழல் தோட்டங்களின் செல்லப் புல்லான ஜப்பானின் ஹகோனெக்ளோவா இக்கரையோர வெப்பத்துக்கு ஏற்றதல்ல.

நிழலின் திசை

குளிர்நாட்டுத் தோட்ட நூல்கள் சுவரின் வடபுறத்தை நிலையான நிழல் என்று கொள்ளும். கல்முனை ஏறத்தாழ வட அகலாங்கு 7.4 பாகையில் இருப்பதால் இங்கே அக்கணக்கு பிழைக்கும். ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் அது வடக்கே சாய்ந்திருக்கும். 6 அடி மதில் டிசம்பர் நண்பகலில் வடபுறம் சுமார் மூன்றரை அடி நிழல் தரும். ஜூனிலோ நிழல் தென்புறத்தில், அதுவும் 2 அடிக்கும் குறைவாகவே விழும். ஆக, கச்சான் வீசும் அதே மாதங்களில் வடபுறச் செடிமேல் வெயிலும் ஏறுகிறது. வீட்டின் கீழ்ப்புறமே இங்கு மென்மையான செடிகளுக்கு நல்லது: பிற்பகல் வெயிலும் கச்சானும் அங்கு நேரே தாக்குவதில்லை. ஆனால் கடலை நேரே பார்க்கும் வளவில் அப்பக்கம் மாரிக்கால உப்புக்காற்று படும். அங்கே உப்பைத் தாங்கும் இனங்களையே நட வேண்டும்.

தென்னை நிழல் வயதுக்கேற்ப மாறும். ஏறத்தாழ 8 முதல் 25 வயது வரை நிழல் அடர்த்தி. மரம் உயர உயர ஒளி மறுபடி தரைக்கு இறங்கும். தென்னையின் உறிஞ்சு வேர்களில் பெரும்பாலானவை அடிமரத்தைச் சுற்றி 2 மீற்றருக்குள் இருப்பதால், அவ்வட்டத்தில் செடி வாடினால் முதலில் நீர்ப் போட்டியைச் சந்தேகிக்க வேண்டும்.

ஏற்ற இனங்கள்

தரைவிரிப்புப் புற்கள்: பொட்டுத்தண என்ற சிங்களப் பெயரால் அறியப்படும் அக்சனோப்பஸ் கொம்பிரெசஸ், வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த அகல இலைப் புல். சி4 வகையாயினும் நிழலைத் தாங்கும். வறட்சியையும் உப்பையும் தாங்காது. கடலோரத்துக்கு ஸ்ரெனோட்டாஃப்ரம் இனப் புற்கள் ஏற்றவை. அவை உப்பு, மணல், அரைநிழல் மூன்றையும் பொறுக்கும்.

மொண்டோ புல்: ஒஃபியோபோகன் ஜப்பானிக்கஸ். பெயரில் புல் இருந்தாலும் தாவரவியலில் தண்ணீர்விட்டானின் குடும்பத்தைச் சேர்ந்தது. மெதுவாக வளரும், வெட்டத் தேவையில்லை. இவ்வெப்பத்தில் நிழல் இருந்தால்தான் இலை கருகாமல் நிற்கும். நடைபாதை ஓரத்துக்குப் பொருத்தம்.

குளோரோஃபைட்டம்: ஸ்பைடர் பிளாண்ட் என விற்கப்படும் வெள்ளைக் கோட்டு இலைச்செடி. தடித்த வேர்களில் நீரைச் சேமிக்கும். உவர்நீர் ஊற்றினால் இலைநுனி கருகும்.

ரம்பை: இக்கரையோர வீடுகளில் சோற்றுக்கும் கறிக்கும் மணமூட்டும் செடி, தாழை இனத்தைச் சேர்ந்தது. பாசுமதி அரிசிக்கு மணம் தரும் அதே சேர்மம் இதிலும் உண்டு. பக்கக் கன்றுகளைப் பிரித்து நடலாம். அரைநிழலும் ஈரமும் இருந்தால் ஆண்டு முழுவதும் பசுமை குன்றாது. எலுமிச்சம்புல்லை அதே அளவு நிழலில் நட்டால் தூர் மெலியும். அதை வெயில் எட்டும் விளிம்பில் வைக்க வேண்டும்.

குடைக்கோரை: சைப்பரஸ் அல்டர்னிஃபோலியஸ். ஆபிரிக்கப் பகுதியிலிருந்து வந்த கோரை. ஈரமான கிணற்றடியின் அரைநிழலில் செழிக்கும். கழிவுநீரைத் தெளிவிக்கும் செயற்கைச் சதுப்புகளிலும் இவ்வினம் பயன்படுகிறது. இதன் உறவான, பாய் இழைக்கும் பன் வெயிலும் சேறும் கேட்பது, மரத்தடிக்கு ஆகாது.

நிலப்பனையும் மருளும்: இரண்டும் இப்பிரதேசத்துக்கு உரியவை. நிலப்பனை பனங்கன்று போன்ற இலையும் மஞ்சள் பூவும் கொண்ட சிறு மூலிகை. மருள் வறண்ட நிழலைத் தாங்குவதில் மிக உறுதியானது.

நடுகையும் பராமரிப்பும்

நடுவதற்குத் தக்க காலம் மாரியின் முதல் மழைகள். அப்போது நட்டால் கச்சானுக்கு முன் வேர் ஆழப் பிடிக்கும். மணலில் மக்கிய சாணமும் தும்புத்தூளும் கலக்க வேண்டும். குழியின் அடியில் பொச்சுகளை உட்புறம் மேல்நோக்க அடுக்கிப் புதைத்தால் ஈரம் நிற்கும். நிலத்தின் மேல் வைக்கோலோ உமியோ மூடாக்காகப் போடலாம். நெல் விளையும் இம்மாவட்டத்தில் இரண்டுக்கும் குறைவில்லை. மொண்டோ புல்லை 10 முதல் 15 சென்ரிமீற்றர், ரம்பையை 45 முதல் 60 சென்ரிமீற்றர் இடைவெளியில் நடலாம். நிழற் புல்தரையை வெயில் தரையைவிட உயரமாக, சுமார் 6 முதல் 8 சென்ரிமீற்றர் விட்டு வெட்ட வேண்டும். ஒளி குறைந்த புல்லுக்கு இலைப்பரப்பே உணவு. யூரியா மிகுந்தால் புல் மென்மையாகிப் பூஞ்சணம் பிடிக்கும்.

வீட்டிலும் பள்ளிவாசலிலும் தொழுகைக்கு முன் வுழூச் செய்த (கைகால் கழுவிய) நீரில் சவர்க்காரம் கலப்பதில்லை. அதைச் சிறு வாய்க்காலால் திருப்பினால் ரம்பைக்கும் குடைக்கோரைக்கும் நாள்தோறும் தண்ணீர் கிடைக்கும். துணி துவைத்த நீரை மென்மையான செடிகளுக்கு விடாதிருப்பது நல்லது.

கவனிக்க வேண்டியவை

கினிப்புல் இலங்கையில் கட்டுமீறிப் பரவிய வேற்றுநாட்டுப் புல். அழகாகத் தோன்றினாலும் வளவுக்குள் விடலாகாது. அகல மடிப்பிலைக்காக வளர்க்கப்படும் செட்டேரியா பால்மிஃபோலியா ஹவாயில் ஆக்கிரமிப்புக் களையாகியிருக்கிறது. கதிர் வந்தவுடன் நறுக்க வேண்டும். பெருமூங்கில் சிறு வளவுக்கு உதவாது. நீர் நிறைத்த தொட்டியில் குடைக்கோரை வைத்தால் நுளம்பு பெருகும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டப்படி அதற்கு வளவுக்காரரே பொறுப்பு. தொட்டியில் மீன் விட வேண்டும், அல்லது செடியை ஈர நிலத்தில் நட வேண்டும். அடர்ந்த தூர்களில் பாம்பு தங்கக்கூடும் என்பதால் வாசற்படியை ஒட்டி உயரமான செடிகளை வைக்கலாகாது.

மதிப்பீடு

குளிர்நாடுகளில் தோட்டத்துக்கு நிழல் ஒரு குறை. இக்கரையோரத்தில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. தட்டுப்பாடு நீருக்கும் இடத்துக்குமே. அதனால் இங்கு மர நிழல் செடியைக் காக்கும் வளம். விலை கொடுத்து வாங்கும் வெளிநாட்டு அழகுப் புற்களைவிட, கீழ்ப்புற நிழலில் ரம்பையும் மொண்டோ புல்லும், உப்புக்காற்றுப் பக்கம் ஸ்ரெனோட்டாஃப்ரமும், வறண்ட மூலையில் மருளும் நடுவதே குறைந்த செலவில் நீடிக்கும் ஏற்பாடு.