பள்ளிகளில் உடல்தண்டனைத் தடை (தமிழ்நாடு)

பள்ளிக் குழந்தைகளை அடிப்பதைத் தடுக்கும் சட்ட ஏற்பாடு. தமிழ்நாடு கல்வி விதிகளின் 51ஆம் விதி, வேண்டுமென்றே பொய் சொல்லுதல், ஆபாசம், அப்பட்டமான கீழ்ப்படியாமை ஆகியவற்றுக்குத் தலைமையாசிரியரின் மேற்பார்வையில் உள்ளங்கையில் ஆறு அடிவரை அனுமதித்திருந்தது. 2003இல் அது திருத்தப்பட்டு, அடி முற்றிலும் நீக்கப்பட்டது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடல்தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடுக்கிறது. மீறுவோர்மீது துறை நடவடிக்கை எடுக்க வேண்டும்.

மதரசாக்களும் சிறுபான்மையினர் பள்ளிகளும் உள்ள அதிராம்பட்டினம் போன்ற ஊரில் சிக்கல் வேறு. கல்வி உரிமைச் சட்டம் மதரசாக்களுக்கும் வேதபாடசாலைகளுக்கும் பொருந்தாது என்று 2012ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது; 2014இல் உச்ச நீதிமன்றம் சிறுபான்மையினர் பள்ளிகளுக்கும் விலக்களித்தது. ஒரே தெருப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கேற்பப் பாதுகாப்பு மாறுவது நியாயமன்று. இந்த இடைவெளியை 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு ஓரளவு நிரப்புகிறது: குழந்தையைப் பொறுப்பில் வைத்திருப்பவர், தேவையற்ற துன்பம் விளையக்கூடிய வகையில் தாக்கினால் மூன்றாண்டுவரை சிறை, ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம் அல்லது இரண்டும். இங்கே நிறுவனத்தின் வகை பொருட்டல்ல.

2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம், தேசியக் குழந்தைகள் உரிமை ஆணையத்தின் வழிகாட்டுதல்களை நடைமுறைப்படுத்தவும் பள்ளிதோறும் கண்காணிப்புக் குழு அமைக்கவும் ஆணையிட்டது. எனினும் “கண்டிச்சு வையுங்க” என்று பெற்றோரே கேட்கும் வழக்கமே பெரிய தடை. குழந்தைகள் 1098 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.