கிடார் நட்: யானைத் தந்தம் முதல் பென்சில் கரி வரை

கிடாரில் நட் என்றதும் போல்ட்டோடு வரும் நட்டை நினைத்துக்கொள்ள வேண்டாம். கழுத்தும் தலையும் சேரும் இடத்தில் ஆறு தந்திகளையும் ஆறு பள்ளங்களில் தாங்கிக்கொண்டு ஒரு சின்னப் பட்டை இருக்குமே, அதுதான் நட். மறுமுனையில் ப்ரிட்ஜின் மேல் தந்திகள் ஏறி இறங்கும் பட்டைக்கு சாடில் என்று பெயர். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தந்தி அதிர்கிறது. விரல் நீளம்கூட இல்லாத இந்தப் பட்டைகளுக்காக ஒரு காலத்தில் யானைகளும் செத்திருக்கின்றன என்பதுதான் விஷயம்.

19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் தந்தம் ரொம்ப சாதாரணமான பொருள். 1833ல் நியூயார்க்கில் கடை போட்ட சி.எஃப். மார்ட்டினின் கம்பெனி, விலை உயர்ந்த கிடார்களுக்கு ப்ரிட்ஜையே தந்தத்தில் செய்தது. நியாயமாகச் சொன்னால் பெரிய குற்றவாளி கிடார் இல்லை, பியானோ. கனெக்டிகட் மாநிலத்தில் பியானோ கட்டைகளுக்குத் தந்தம் அறுத்த ஓர் ஊருக்கு ஐவரிட்டன் என்றே பெயர் வைத்தார்கள்! அழகு, வழவழப்பு, செதுக்கச் சுலபம்... தந்தத்தைத் தேர்ந்தெடுக்க இவையே போதுமான காரணங்கள். அதோடு அன்றைய கிடாரில் இருந்தவை குடல் தந்திகள். இழுவிசை குறைவு, நட்டுக்கும் பெரிய வேலை இல்லை.

1920களில் இரும்புத் தந்தி பரவியது. மாட்டெலும்பும் பிளாஸ்டிக்கும் வழக்கத்துக்கு வந்தன. எலும்பு கடினமானது, மலிவானது. நல்ல எலும்பு நட்டை இன்றைக்கும் யாரும் குறை சொல்வதில்லை.

உண்மையான தலைவலி 1954ல் ஆரம்பித்தது. லியோ ஃபெண்டர் (இவருக்கு கிடார் வாசிக்கவே தெரியாது!) ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிடாரை ட்ரெமோலோ கைப்பிடியோடு வெளியிட்டார். கைப்பிடியை அமுக்கினால் ஆறு தந்திகளும் தளரும், விட்டால் மறுபடி இறுகும். அப்போது ஒவ்வொரு தந்தியும் நட்டின் பள்ளத்தில் கொஞ்சம் முன்னும் பின்னும் நகர வேண்டும். பள்ளம் இறுக்கமாகவோ சொரசொரப்பாகவோ இருந்தால் தந்தி திரும்பி வரும் வழியில் சிக்கி நின்றுவிடும். நட்டுக்கு ஒரு பக்கம் ஓர் இழுவிசை, மறுபக்கம் வேறு இழுவிசை. சுருதி போச்சு. ட்யூனிங் கீயைத் திருகும்போது 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டால் சிக்கியிருந்த தந்தி விடுபட்டது என்று அர்த்தம். தந்தி நட்டில் எவ்வளவு வளைகிறதோ அவ்வளவுக்கு உராய்வும் கூடும். கிப்சன் கிடார்களில் தலை பின்பக்கம் சாய்ந்திருக்கும், நடுத் தந்திகள் பக்கவாட்டிலும் திரும்பிப் போகும். அங்கே ஜி தந்தி அடிக்கடி சுருதி விலகுவது இதனால்தான். பாவம், பழி விழுவது பெரும்பாலும் ட்யூனிங் கீயின் மேல்.

ஜிமி ஹென்ட்ரிக்ஸ் மேடையில் பாட்டுக்குப் பாட்டு சுருதி சேர்த்துக்கொண்டே இருந்ததைப் பழைய ஒலிப்பதிவுகளில் கேட்கலாம். அவருடைய ரசிகரும் நகை செய்யத் தெரிந்தவருமான ஃப்ளாய்ட் ரோஸ் 1970களின் பிற்பகுதியில் ஒரு முரட்டு வழி கண்டுபிடித்தார். தந்தி நழுவினால்தானே பிரச்சினை? நழுவவே விடாதே! பித்தளையில் நட் செய்து தந்திகளை அதிலேயே திருகிப் பூட்டினார். பித்தளை தேய்ந்ததால் பிறகு உறுதியேற்றிய எஃகுக்கு மாறினார். 1979ல் காப்புரிமை கிடைத்தது. எட்டி வான் ஹேலன் கையில் போனதும் 1980களின் ராக் உலகமே பின்னால் ஓடியது. ஆனால் நட்டைப் பூட்டிவிட்டால் தலையிலுள்ள ட்யூனிங் கீக்கு வேலையில்லை. எனவே ப்ரிட்ஜ் பக்கம் குட்டித் திருகுகள் வைக்க வேண்டியதாயிற்று. ஒரு தந்தி மாற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

இதே காலத்தில் ஆப்பிரிக்காவில் யானைகள் கொத்துக் கொத்தாகச் சரிந்தன. 1979ல் சுமார் 13 லட்சம் என்று மதிப்பிடப்பட்டவை பத்தே ஆண்டுகளில் ஏறக்குறைய பாதியாயின. சைட்டிஸ் ஒப்பந்தம் ஆசிய யானைக்கு 1975லேயே முழுப் பாதுகாப்பு தந்திருந்தது. ஆப்பிரிக்க யானைக்கு 1989ல்தான் அது கிடைத்தது. மார்ட்டின் அதற்கு முன்பே, 1970களில், மின்காப்புக்காக உருவான மைகார்ட்டா என்ற அடுக்குப் பிசினுக்கு மாறியிருந்தது. கனடாவின் கிராஃப் டெக் கம்பெனி வழுக்கும் பொருள்களைக் கலந்து நட்டும் சாடிலும் செய்தது. அவர்களுடைய செயற்கைத் தந்தத்தின் பெயர் டஸ்க், யானைக் கொம்பின் ஆங்கிலப் பெயரையே கொஞ்சம் திருப்பி வைத்தது.

சரி, நாதம்? தந்தம்தான் இனிமை என்று சத்தியம் செய்பவர்கள் இன்றும் உண்டு. ஒரு ஃப்ரெட்டில் விரல் வைத்து அழுத்திய உடனே அதிரும் பகுதி அந்த ஃப்ரெட்டிலிருந்துதான் தொடங்குகிறது, நட் அதற்கு வெளியே போய்விடுகிறது. அழுத்தாமல் வாசிக்கும் ஸ்வரங்களில்தான் நட்டின் பொருளுக்குக் குரல். சாடில் அப்படியில்லை, எல்லா ஸ்வரமும் அதன் வழியாகத்தான் பலகைக்குப் போகிறது. மெத்தென்ற பிளாஸ்டிக் சாடில் கணீரென்ற ஓசையைக் கொஞ்சம் விழுங்கும், கடினமான எலும்பு விழுங்காது. அதனால் காசு செலவழிப்பதென்றால் சாடிலுக்குச் செலவழிப்பதே புத்திசாலித்தனம். எலும்புக்கும் நல்ல செயற்கைப் பட்டைக்கும் உள்ள வித்தியாசத்தைவிட, பள்ளம் ஒழுங்காக வெட்டப்பட்டிருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

தந்தம் கிடைக்காமல் போனதும் சைபீரிய மண்ணில் புதைந்துள்ள மாமத் கொம்பைத் தேடிப் போனவர்களும் உண்டு. கலிஃபோர்னியா 2016ல் அமலான சட்டத்தில் மாமத் தந்த விற்பனையையும் தடைசெய்துவிட்டது. சுருதி நிற்காத கிடார்க்காரர்கள் இன்றும் செய்வது வேறு: தந்தியைத் தளர்த்தி, பள்ளத்தில் பென்சில் முனையை நாலு தடவை தேய்த்துவிட்டு மறுபடி முறுக்கிக்கொள்வார்கள். கிராஃபைட்தானே அதுவும்!